சூடாக இருந்த மெஷின்

மயிலாப்பூரில் ஏறிய பஸ் நந்தனம் சிக்னலில் நின்றுவிட்டது. முன் சீட்டில் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர். அவர்கள் இரும்பு செதுக்கும் பழைய சி.என்.சி. மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கியிருந்தார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கண்ணாடி போட்டவர் திடீரென்று சொன்னார்:

“தொட்டா சூடா இருந்துச்சு. நல்லா ஓடற மெஷின்னு சந்தோஷப்பட்டேன் பாரு, அங்கதான் மச்சி ஏமாந்தேன்.”

“வித்தவன் நம்ம முன்னாடிதானே ஓட்டிக் காட்டினான்? சத்தமே இல்லியே?”

“சூடானப்புறம் எங்க சத்தம் வரும்? இப்ப காலைல ஆன் பண்ணா இன்னா அலறு அலறுது! பேரிங் போயிருக்கு. நாம போறதுக்கு முன்னாடியே ஓட்டி ஓட்டி சூடு பண்ணி வெச்சிருக்கான்.”

“நாம எப்ப வருவோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் போன் பண்ணேன். பத்தரைக்கு மேல நல்ல நேரம், அப்பதான் வருவோம்னு.”

பஸ் நகர்ந்தது. மற்றவர் கேட்டார்.

“வித்துடலாமா?”

“யாரு வாங்குவாங்க?”

“வாங்கறவனும் நல்ல நேரம் பார்த்து, சொல்லிட்டுத்தானே வருவான்.”

கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அன்னிக்கு மட்டும் பட்டறைய சீக்கிரமா தொறக்கணும்” என்றார்.

கே.கே. நகரில் இறங்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.