ஒலகத்தத் தட்டையாக்குன வாத்தியாரு

…பொறவு என்ன அண்ணாச்சி, ஒலகம் தட்டைன்னு அளந்து மெட்ராசுக்குக் காயிதம் போட்ட ஒரே வாத்தியான் நாந்தான்! சிரிக்காதீய. எண்ணெய நல்லாத் தேயுங்க, ஒங்க முதுகுல படல. அருவி எங்கயும் ஓடிராது.

மெட்ராசுல என் மச்சினனும் வாத்தியாருதான். ‘ரெண்டு ஊர்லயும் ஒரே நாளு, உச்சி வெயில்ல மூணடிக் கம்ப நட்டு நெழல அளப்போம் அத்தான். கிரேக்கன் ஒருத்தன் அந்தக் காலத்துல இப்படித்தான் ஒலகத்தோட சுத்தளவக் கண்டுபிடிச்சான்’னு எழுதுனான். எனக்கு அந்தக் கணக்கு தெரியுமா? டிரெயினிங்ல அந்தப் பாடம் நடத்தையில தூங்கிட்டேன். தெரியலன்னு சொல்ல வாய் வருமா? வாத்தியான்லா!

அவன் சொன்ன பங்குனி கடைசி நாளு. தென்காசி வெயிலு… கேக்கணுமா! எங்க போர்டு ஸ்கூல் முத்தத்துல கம்ப நட்டாச்சு. நாலாங்கிளாஸ் மாரித்தாயி குனிஞ்சு பாக்கா, சுத்திச் சுத்திப் பாக்கா. ‘சார், நெழலக் காணோம் சார்’ங்கா. நா எந்திரிச்சுப் போயிப் பாத்தனா? வேப்பமரத்தடியில சொகமா இருந்துக்கிட்டு, ‘ஏட்டி, பேய்க்குத்தாம்ட்டி நெழல் கெடையாது! பொய்யா சொல்லுத?’ன்னு வெயில்லயே முட்டி போட வச்சிட்டேன். மத்த புள்ளைய சிரிச்சு, ‘நெழலுதின்னி’ன்னு பேரும் வச்சிட்டுவ.

மூணாம் நாளு மச்சினன் காயிதம். அவன் கம்புக்கு நெழலு ரெண்டரை அங்குலமாம். நானும் அப்படியே காப்பியடிச்சு, ‘இங்கயும் ரெண்டரை’ன்னு எழுதிட்டேன். பதில் வந்துது பாருங்க! ‘ரெண்டு ஊர்லயும் ஒரே நெழல்னா ஒலகம் தட்டைலா அத்தான்! அன்னைக்கு உங்க ஊர்ல சூரியன் உச்சந்தலைக்கு நேர. நெழலே விழுந்திருக்காதே. அதுக்குத்தான அந்த நாளச் சொன்னேன்!’

பத்து வயசுப் புள்ள கண்டத, பதினேழு வருச சர்வீசு வாத்தியான் காணல அண்ணாச்சி. எனக்கே என்னப் பாத்தா அசிங்கமா இருக்கு.

லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்து மூணு வாரமாச்சு. அவ வரல. கேலி பண்ணுவாகன்னு இனி வரவே மாட்டேங்காளாம். நல்லாப் படிக்கிற புள்ள, பாத்துக்கிடுங்க… அன்னா, மங்குஸ்தான் பழக் கூடைக்குப் பக்கத்துல, ஆத்தாளோட இருக்காள்லா, அவதான். கூப்பிடத்தான் வந்தேன். காலையிலேருந்து இந்தப் பத்தடி நடக்க முடியல. ஒங்களுக்கு முன்ன நாலு பேருகிட்ட இதே கதய… அண்ணாச்சி? அட, சொல்லாமக் கொள்ளாம அருவிக்குள்ள போயிட்டாரே!

ம்… ஏட்டி மாரித்தாயி! ஓடாத, இரு. அடிக்க வரல. நாளைக்குப் பள்ளிக்கூடம் வா. எல்லாருக்கும் முன்ன நா சொல்லுதேன், அன்னைக்கு நீ சொன்னது நெசம், பொய் சொன்னது வாத்தியாருதான்னு.