எட்டாவது பத்தி

"அப்பா, கடைசியில சொல்றத முதல்லயே சொல்லிட்டா என்ன?"

என் மகள் ஒருநாள் கேட்டாள். ஏழு வயது. பள்ளி வேனிலிருந்து இறங்கியவள், வாசலில் நின்று போனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் கையை இழுத்து, போனை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"முதல்லயே சொல்லிட்டா அப்புறம் யாரும்மா கடைசி வரைக்கும் வருவா?" என்றேன்.

வேன் ஓட்டுகிறவர், பிள்ளைகள் வேன் மாமா என்று கூப்பிடுகிற மனிதர், ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி சிரித்தார். "எனக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் இல்ல சார். வீடு வந்தா வீடு வந்துடுச்சுன்னு சொல்லிடுவேன்."

அவரோடு ஏதாவது பகையா என்று நீங்கள் கேட்டதால் இதிலிருந்து தொடங்குகிறேன். பகை எதுவும் இல்லை. சொல்லப்போனால் நான்தான் அவருக்குக் கடன்பட்டவன். பெருமழையில் சாலை முங்கிய அன்று என் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு மணி நேரம் அவர் வேனிலேயே என் மகளோடு உட்கார்ந்து, தன் துண்டால் அவள் தலையைத் துவட்டிவிட்டு, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடி வந்ததும், "புள்ள பசியா இருக்கு சார், முதல்ல சாப்பாடு போடுங்க" என்றார். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

என் வேலை, இணையச் செய்தித் தளம் ஒன்றுக்குத் தலைப்பு வைப்பது. படத்தில் யாராவது ஒருவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவதும் நான்தான். அதனால் அலுவலகத்தில் எனக்கு 'வட்டம்' என்று பேர். எங்கள் செய்தி ஒவ்வொன்றும் எட்டுப் பத்தி. விஷயம் எட்டாவது பத்தியில்தான் இருக்கும், வழியெல்லாம் விளம்பரம். நூறு பேர் தலைப்பைத் தட்டினால் எட்டாவது பத்திக்கு வந்து சேர்பவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் தலைப்பை மட்டும் மென்று, அக்கம்பக்கத்தில் துப்பிவிட்டு, அடுத்ததற்கு வாயைத் திறப்பவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை இருந்ததே இல்லை. தட்டில் எதை வைத்தாலும் தின்கிறவன்மேல் சமையல்காரனுக்கு என்ன மரியாதை வரும்?

ஒருநாள் சந்தையில் நாலு வயதுக் குழந்தை ஒன்று தொலைந்து, நாற்பது நிமிடத்தில் கிடைத்துவிட்டது. யாரோ போனில் எடுத்த படம் எங்களுக்கு வந்தது. அழுகிற குழந்தை, அதன் கையைப் பிடித்தபடி வேன் மாமா. அவர்தான் குழந்தையைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தவர்.

"யோவ் வட்டம், கெடைச்ச குழந்தைய எவன்யா பார்ப்பான்?" என்றார் ஆசிரியர். "தொலைஞ்ச குழந்தைன்னா ஊரே பார்க்கும். ஏதாவது பண்ணு."

ஆளைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவர் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். 'காணாமல் போன குழந்தையின் கையைப் பிடித்திருந்த ஆசாமி... இவர் செய்ததைக் கேட்டால் அதிர்ந்துபோவீர்கள்' என்று தலைப்பு வைத்தேன். குழந்தையைப் பத்திரமாகச் சேர்த்த நல்ல மனிதர் இவர் என்பதையும் என் கையாலேயே எழுதினேன். எட்டாவது பத்தியில்.

மாலைக்குள் இரண்டு லட்சம் பேர் பகிர்ந்தார்கள். மறுநாள் காலை பாலத்துத் திருப்பத்தில் வேனை மறித்தார்கள். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். "கதவப் பூட்டிக்கங்க கண்ணுங்களா, வெளிய பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனாராம். என் மகள்தான் சொன்னாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதற்கும் நான்தான் தலைப்பு வைத்தேன். முதல் செய்தியைவிட நன்றாக ஓடியது.

வேன் மாமா எப்போது வருவார் என்று மகள் கேட்டாள். முதலிலிருந்து நிதானமாகச் சொல்லத் தொடங்கினேன். கடைசிக்கு வருவதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

பிறகு அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். அவர் தப்பு பண்ணலன்னு, அன்னிக்குப் போட்ட மாதிரியே பெருசா ஒண்ணு போட்டுடுங்க. என் பொண்ணு பள்ளிக்கூடம் போகமாட்டேங்கறா."

போடுகிறேன் என்றேன். வாக்குக் கொடுத்தால் தவறுகிறவன் இல்லை நான். மதியச் சாப்பாட்டு நேரம், அறையில் யாருமில்லை. முடி கொட்டுவதை நிறுத்தும் வெங்காயச் சாறு பற்றிய செய்தி அப்போது கையில் இருந்தது. வேன் ஓட்டுநர் குற்றமற்றவர், குழந்தையைக் காத்தவர், அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம் என்று அதன் எட்டாவது பத்தியில் எழுதி வெளியிட்டேன். அந்த மழைநாளின் கடனும் அதோடு தீர்ந்தது.

ஆசிரியருக்குக்கூட இது தெரியாது. எத்தனை பேர் படித்தார்கள் என்று நானும் பார்க்கவில்லை. நல்லது செய்யும்போது நாலு பேர் பார்க்கக் கூடாது என்பது என் கொள்கை.