கண்டனம் வாங்கப் போன மூன்றாம் செயலர்

கடல் கடந்தும் கடமை கடவாத கண்ணியமே! வாடகைக் காரில் போய் வல்லரசின் கோபத்தை வடியவைத்த வித்தகமே! பணி நிறைவு பெறும் எங்கள் துணைத் தூதர் அம்மையாரே! வணக்கம்.

தங்கள் முப்பத்தைந்தாண்டுப் பணியை முழுதும் எழுத இந்த வாழ்த்துமடலின் கண்ணாடிச் சட்டத்தில் இடமில்லை. எனவே ஒரு பிற்பகலை மட்டும், அவையோர் அறியத் தங்களைப் படர்க்கையில் நிறுத்திச் சொல்கிறோம்; பொறுத்தருள்க.

அம்மையார் அப்போது மூன்றாம் செயலர். தூதரகத்தின் கடைசிப் படி. மேலே இருப்பவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் பொறுப்பேற்பது முறை. தூதர் விடுப்பில் போனார். அன்றைய துணைத் தூதர் குடல்வால் வலியோடு மருத்துவமனைக்குப் போனார். முதற்செயலர் மைத்துனி கல்யாணத்துக்குப் போனார். அவரை வழியனுப்பப் போன இரண்டாம் செயலர் விமான நிலையத்தில் வழுக்கி விழுந்தார். இவ்வாறாக ஒரு முழுத் தேசமும் அம்மையாரின் தலையில் வந்து உட்கார்ந்தது.

அன்று பார்த்து, எல்லை தாண்டியதாக நம் கப்பலைப் பிடித்த அந்நாட்டு அரசு, எட்டு மாலுமிகளையும் காவலில் வைத்துவிட்டு, கண்டனத்தை வாங்கிக்கொள்ள நம் தூதரகத்தை வரச் சொன்னது. மாலைக்குள் பேசி முடிக்காவிட்டால் வழக்கு, சிறை, வருடக்கணக்கு.

கண்டிப்பவரும் கண்டிக்கப்படுபவரும் சம பதவியினராக இருப்பது மரபு. வாடகைக் காரில் வந்திருப்பவர் மூன்றாம் செயலர் என்றறிந்த அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் தம் செயலரிடம் தள்ளினார். அவர் தமக்குக் கீழே தள்ளினார். படிப்படியாக இறங்கிய கோபம், பணியில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளநிலை அதிகாரியிடம் பாதி ஆறிப்போய் வந்து சேர்ந்தது. அவர் கண்டனத்தை நின்றபடி வாசித்தார். அம்மையார் நின்றபடி கேட்டார்.

“இப்ப நீங்க கோபப்படணுங்க மேடம்,” என்றார் அதிகாரி.

“எவ்வளவு கோபப்படணும்னு யாரும் சொல்லலையே! உங்களுக்குச் சொன்னாங்களா?”

“எங்கங்க! மூணு மணிக்குப் பொண்ண ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும், எனக்கு அதுதான் கவலை.”

“எனக்கும் பையன் கேட்ல நிப்பான். உள்ள இருக்கற எட்டுப் பேருக்கும் வீட்டுல யாராச்சும் நிப்பாங்க. ஒண்ணு பண்ணலாம். கப்பலக் காத்து தள்ளிடுச்சுன்னு நீங்க எழுதுங்க, வருந்தறோம்னு நான் எழுதறேன்.”

“சரிங்க. பேனா இருக்கா?”

அந்த அறையில் அதிகாரமுள்ளவர் எவரும் இல்லாததால் வேலை விரைவில் முடிந்தது. இரு குழந்தைகளும் நேரத்துக்கு வீடு சேர்ந்தன. மாலையில் கப்பலும் கிளம்பியது.

விடுப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்த தூதர், “யாரக் கேட்டும்மா சமாதானம் ஆனீங்க?” என்றார்.

“கேக்கறதுக்கு யாருமே இல்ல சார்.”

தூதர், இவரைப் பாராட்டுவதா கண்டிப்பதா என்று தலைநகருக்கு எழுதிக் கேட்டார். பதில் இன்னும் வரவில்லை.

அந்தப் பதில் வந்து சேரும் நாள்வரை, நம் துறையின் வேகம் அறிந்தே சொல்கிறோம், தாங்கள் நோயின்றி, நிறைவோடு, நெடிது வாழ்க!

அன்பில் குறையாத,
தூதரகப் பணியாளர்கள்