இரண்டாம் தவணை

பஸ்ஸில் நான் எப்போதும் டிக்கெட் வாங்குவேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் பக்கம் போகிற எல்லாக் கண்டக்டர்களுக்கும் என்னைத் தெரியும். முன் சீட்டைத் துடைத்துவிட்டு, "கிணத்துக் கடன் ஆபீசருக்கு எதுக்குங்க சார் டிக்கெட்டு?" என்பார்கள். நான் சில்லறையை நீட்டியபடியே உட்கார்ந்திருப்பேன். கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் வாங்கிக்கொண்டுவிடுவார்கள். இதை உங்கள் குமாஸ்தா எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. யாரை விசாரிக்கிறீர்கள் என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

பெயர் இன்னாசிராஜ். வீடு பாலக்கரையில். இருபது வருட சர்வீஸில் ஒருவரிடமும் ஒரு வெள்ளரிப்பிஞ்சு கூட வாங்கியதில்லை.

வேப்பந்திட்டு வீரமலையின் சாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஊர்க்காரர்கள் கொடுத்த மனுவில் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான். பிணத்தைத் தூக்கிய சூடு ஆறுவதற்குள் நான் அந்தக் குழிக்குள் அளவு டேப்போடு இறங்கினேன் என்கிறார்கள். இறங்கினேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவிலிருந்து எடுத்துப் பார்த்தால் நான் கல்நெஞ்சக்காரனாகத் தெரிவேன். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வயதுக்குப் பழைய தக்காவிக் கடனைப் பற்றித் தெரிந்திருக்காது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. கிணறு வெட்டக் கடன் வேண்டுமென்றால் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் ஆரம்பித்து, படிப்படியாக ஒவ்வொருவர் கையிலும் காசு வைத்துக்கொண்டே போகவேண்டும். பணம் வருவதற்குள் கோடை போய் அடுத்த கோடை வந்துவிடும். வந்தால் மொத்தமாக வரும். மொத்தமாக வந்த பணம் எந்த விவசாயி வீட்டில் கிணற்றுக்குப் போகும்? பெண்ணுக்குக் கல்யாணமாகும், பழைய வட்டி அடையும். கிணறு காகிதத்தில் மட்டும் ஊறிக்கொண்டிருக்கும்.

நான் பொறுப்பேற்ற புதிதில் அந்தப் பழைய கிணறுகளைப் பார்க்கக் கிளம்பினேன். ஓரிடத்தில் கிணறு இருக்கவேண்டிய இடத்தில் சோளம் ஆளுயரம் நின்றது. "கிணறு எங்கேங்க?" என்றேன். "போன மழையில தூந்துபோச்சுங்க" என்றார் அந்த ஆள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இன்னொருவர் கிணற்றுச் சுவர் சரியாமல் இருக்க இறக்குகிற சிமெண்ட் உறைகள் வாங்கியிருந்தார். அதுவரை சந்தோஷம். அவற்றைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே கோழி அடைத்திருந்தார்.

இதையெல்லாம் பார்த்துத்தான் புது முறையை எழுதினேன். ஆமாம், நான் எழுதியதுதான். மேலே கையெழுத்துப் போட்டவர்கள் வேறு. மனு கொடுத்த மாதமே கடன். யாருக்கும் காலணா கொடுக்கவேண்டாம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஆபீஸுக்கு வருகிற விவசாயி நின்றுகொண்டு பேசக்கூடாது என்று என் செலவில் பெஞ்சு வாங்கிப் போட்டேன். ஆனால் பணம் மட்டும் மூன்று தவணையாக வரும். வேலை தொடங்க முதல் தவணை. முப்பது அடி தோண்டியபின் உறை வாங்க இரண்டாம் தவணை. தண்ணீர் கண்டபின் மிச்சம். ஒவ்வொரு முறையும் நானே கிணற்றுக்குள் இறங்கி அளப்பேன். அடுத்தவன் சொன்ன ஆழத்தை நான் நம்புவதில்லை.

அந்த வருடம் நாற்பது கிணறுகள். ஒன்றுகூடக் காகிதக் கிணறு இல்லை. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் ஜில்லா முழுவதற்கும் இதையே கொண்டுவரப்போவதாகவும் கடிதம் வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

அந்த நாற்பதில் ஒருவர் வீரமலை. ஓடைக்கரையில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் சோறு, இல்லையென்றால் அவரும் மனைவி காளியாயியும் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் போய்விடுவார்கள். கிணறு இருந்தால் வெங்காயம் போட்டு ஊரிலேயே இருந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நல்ல மனிதர். முதல் தவணை வாங்கியபோது ஒரு பை வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்தார். திருப்பிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பங்குனியில் ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, இருவதடிக்கு மேல போயாச்சு. மண்ணு நிக்க மாட்டேங்குதுங்க. ஓடைக்கரை மண்ணு பாருங்க. உறையை இறக்கிக்கிட்டே தோண்டினாத்தான் ஆகும். ரெண்டாவது தவணையை முன்னாடியே குடுத்தீங்கன்னா உறை வாங்கிருவேன்."

"முப்பது அடி ஆகட்டும் வீரமலை. மறுநாளே தரேன்."

"முப்பது அடி போறதுக்குத்தாங்க உறையே."

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயமாகப் பேசாதவர் யார்? கோழி அடைத்தவரும் என்னிடம் நியாயமாகத்தான் பேசினார். நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்னபடி போனேன். வீரமலை அங்கே இல்லை. கூலிக்குத் தோண்டிக்கொண்டிருந்த சின்னையா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை என்று அவரைக் கூப்பிடப் போயிருந்தார். காளியாயி மட்டும் மேட்டில் மண்கூடையோடு நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நூலேணியில் இறங்கினேன். இருபத்து நாலு அடி இருந்தது. ஆழம் போதவில்லை என்று குறித்துக்கொண்டேன். உள்ளே வேறு என்ன பார்த்தேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு நாள் கழித்து வீரமலை மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"எனக்கு இந்தக் கிணறு வேண்டாங்கய்யா. சின்னையா இறங்கவே மாட்டேங்கிறான். வாங்கின காசைத் திருப்பிக் கட்டிடுறேன். அறுப்பு வரைக்கும் பொறுத்துக்கங்க."

பாதியில் விட்டால் முதல் தவணையை உடனே கட்டவேண்டும், கட்டாவிட்டால் ஜப்தி என்பது விதி. அவரிடம் ஜப்தி செய்வதற்கு இரண்டு உழவு மாடுகள்தான் இருந்தன. அதை நான் குரலை உயர்த்தாமல் எடுத்துச் சொன்னேன். மாட்டைப் பிடிப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை என்றும் சொன்னேன். அது உண்மை.

துண்டை முறுக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஐயா இறங்கிப் பாத்தீங்களாமே. ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதா காளியாயி சொன்னா" என்றார்.

"அப்புறம் என்ன?" என்றேன்.

"அவ பயந்துக்கிட்டு என்னை இறங்கவிடாம இருந்தா. ஐயா வந்துட்டுப் போனதிலேருந்துதான் தைரியமா இருக்கா" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போனார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

அடுத்த வாரம், மெட்ராஸ் அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்னால், கண்டக்டர் ஒருவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆபீஸுக்குள் ஓடிவந்து சேதி சொன்னார். வேப்பந்திட்டில் கிணறு சரிந்துவிட்டது, ஆள் உள்ளே. அதே பஸ்ஸில் ஏறிப் போனேன். அன்றும் டிக்கெட் வாங்கினேன்.

ஊரே தோண்டிக்கொண்டிருந்தது. இறங்கமாட்டேன் என்று சொன்ன சின்னையாதான் முதலில் இறங்கியிருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் வீரமலையைத் தூக்கினார்கள். வாய் நிறைய மண். காளியாயி அழவில்லை. காலி மண்கூடை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த நடைக்குத் தயாராக நிற்கிறவளைப் போல நின்றுகொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் டேப்போடு இறங்கினேன். மேலே சத்தம் போட்டார்கள், ஒருவர் கல்லைக்கூட எறிந்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். மறுநாள் விடிந்ததும் அந்தக் குழியை மூடிவிடுவார்கள். மூடிய குழியை யார் அளப்பது? அளக்காவிட்டால் இரண்டாம் தவணை கிடையாது. அந்தப் பெண்ணுக்கு நியாயமாக வரவேண்டிய பணம் போய்விடும். நான் அவளுக்காகத்தான் கல்லடிக்கு நடுவில் இறங்கினேன்.

அவர் கிடந்த இடத்தில் டேப்பை வைத்துப் பார்த்தேன். முப்பது அடி, ஒரு சாண். சரிவதற்கு முன்னால் எப்போதோ, தன்னந்தனியாக, அவர் முப்பதைத் தொட்டிருக்கிறார். நிபந்தனையை நிறைவேற்றிவிட்டுத்தான் இறந்திருக்கிறார். மறுநாளே தருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? மறுநாளே இரண்டாம் தவணைக்கு மஞ்சூர் உத்தரவு போட்டேன்.

கருமாதி முடிந்தபின் நானே பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். காளியாயி அதைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சுவரு கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களேய்யா?"

மனுவில் இது இல்லை. அவள் ஊர்க்காரர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்களும் கேட்கவில்லை. ஆனால் நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. சொன்னேன். அவளிடம் நான் சொன்ன வார்த்தை அதுதான், கல்லு மாதிரி.

முதல்முறை இறங்கியபோது உள்ளே பார்த்தது இது. மேற்குப் பக்கச் சுவரில், என் தலைக்கு மேலே, ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கையை விட்டேன், மணிக்கட்டு வரை போயிற்று. கையை எடுத்ததும் மண் பொலபொலவென்று சட்டைக் காலருக்குள் கொட்டியது. எனக்குப் பயமாக இருந்தது. அளந்தும் அளக்காமலும் ஏணியைப் பிடித்து ஏறிவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டிலும் உறை இறக்கிய கிணறுதான். ஆற்று மண்ணில் உறை இல்லாமல் தோண்டக்கூடாது என்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

ஏறி வந்ததும் காளியாயி, "எப்படிங்கய்யா இருக்கு? அவரை இறங்கவிடலாமுங்களா?" என்றாள். நான் சட்டையை உதறிக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. நூலேணியை எனக்காகச் சுருட்டிக்கூட வைத்தாள்.

ஏன் என்று கேட்பீர்கள். வெடிப்பு என்று நான் எழுதினால் உறைப் பணத்தை முன்னால் கொடுக்கவேண்டும். ஒருவருக்கு முன்னால் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லாருடைய மண்ணும் மறுநாளே உதிர ஆரம்பித்துவிடும். கிணற்றை விட்டுவிடச் சொல்லியிருந்தால் மெட்ராஸ் அதிகாரி வரும்போது நாற்பதில் ஒன்று அரைகுறையாக நிற்கும். இன்னும் ஆறு அடிதானே, அதுவரை சுவர் தாங்கும் என்று நினைத்தேன். ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். ஆறு அடி வரை தாங்கத்தான் செய்தது.

அன்று ராத்திரி சட்டையை ஊறவைத்த என் மனைவி அக்னஸ், "காலருக்குள்ள இவ்வளவு மண்ணா? சுவரு உதிருதாங்க?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். வீட்டில் நான் பொய் சொல்வதில்லை. "அந்த ஆளுகிட்ட சொல்லிட்டீங்கள்ல?" என்றாள். குழாயை மூடு, தண்ணீர் வீணாகிறது என்றேன். இப்போதெல்லாம் அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

சனிக்கிழமைதோறும் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். சாமியாரிடம் இதைச் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. போன வாரம் பூசைக்குத் தாமதமாகப் போனதைச் சொன்னேன். இதை எந்தப் பாவத்தின் பெயரில் சொல்வது என்று தெரியவில்லை. நான் பணம் வாங்கினேனா, பகை தீர்த்தேனா? மண்ணைத் தள்ளியது என் கையா?

காளியாயியின் தவணை ஆபீஸ் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவள் சூளைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம், பெஞ்சு இருக்கிறது.

மெட்ராஸ் அதிகாரிக்குத் திட்டம் பிடித்துவிட்டது. முப்பத்தொன்பது கிணறுகளைப் பார்த்தார், ஓடைக்கரைப் பக்கம் நான் அழைத்துப் போகவில்லை. வருகிற சித்திரையிலிருந்து ஜில்லா முழுவதற்கும் இதே முறைதான், இதே மூன்று தவணை, இதே வரிசை. வேப்பந்திட்டு அனுபவத்தை வைத்து ஒரே ஒரு திருத்தம் மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் ஆழம் அளக்க அதிகாரி கிணற்றுக்குள் இறங்கவேண்டாம், மேலே நின்றபடியே டேப்பை விட்டால் போதும். உறை இல்லாத கிணற்றுக்குள் ஆள் இறங்குவது ஆபத்து.