பாட்டுக்காரருக்கு வேண்டிய பயம்

சூடு பறக்கும் சொற்போரைச் சுவை குன்றாமல் நடத்திச் செல்லும் நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! முதல் வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் பாட்டுமாக வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடம் இல்லாவிட்டாலும் சுவரோரம் நின்றாவது கேட்போம் என்று வந்த இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கோரஸ்காரியின் வணக்கம்!

ஆம், நான் கோரஸ்காரி. பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று, அவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் 'ஆ...' என்று இழுப்பது என் தொழில். சிரியுங்கள், சிரியுங்கள்! அந்த 'ஆ' இல்லையென்றால் அவர்களுக்கு மூச்சே இல்லை.

இன்றைய தலைப்பு என்ன? 'மக்கள் பாடகரைப் பெரியவராக்குவது குரலா, கேட்பவர்களா?' குரலே என்று வாதிட்டார் எதிரணித் தலைவர், இசைக் கல்லூரி ஆசிரியர். சுருதி விலகாத குரல் வேண்டும் என்றார். மேடைக்கு அஞ்சாத நெஞ்சு வேண்டும் என்றார். 'அஞ்சுகிறவன் பாடகனே அல்ல' என்று மேசையைத் தட்டினார். நீங்களும் கையைத் தட்டினீர்கள்.

ஐயா, நான் அறிந்த மிகப் பெரிய பாடகர் அஞ்சியவர். அவர் அஞ்சிய கதையைச் சொல்கிறேன்.

அவரை ஊரே 'வெண்கலம்' என்று அழைக்கும். குரல் அப்படி! பாட வருவதற்கு முன் பஸ் ஓட்டியவர். ஹாரன் அடிக்காமலே கூட்டத்தை விலக்குவார் என்று அவர் கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். சவரக் கடையில் அவர் பாட்டு, தையல் கடையில் அவர் பாட்டு, தொட்டில் ஆட்டும் தாயின் வாயிலும் அவர் பாட்டு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய அரங்கம் ஒன்றில் அவருடைய கச்சேரி. இருக்கைகளை மிஞ்சிய கூட்டம். மாடியில் என் தங்கையும், அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த என் மகளும். டிக்கெட் இல்லாதவர்கள் நுழைந்துவிடக் கூடாது என்று, கச்சேரி தொடங்கியதும் பின்வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். பூட்டியது மேடையில் இருந்த எங்களுக்குத் தெரியாது. உள்ளே இருந்த மக்களுக்கும் தெரியாது.

மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. படாரென்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. மைக் செத்தது. ஒயர் கருகும் வாடை மூக்கில் ஏறியது. மேடையின் பின்திரைக்கு அப்பால் செக்கச்செவேலென்று ஏதோ அசைந்தது. யாரோ அலறினார்கள்:

"நெருப்பு! நெருப்பு!"

அவ்வளவுதான்! அதுவரை ரசிகர்களாக இருந்தவர்கள் வெள்ளமாக மாறினார்கள். எல்லாக் கால்களும் பின்வாசலை நோக்கி ஓடின. கதவு திறக்கவில்லை. முன்னால் போனவர்கள் "பூட்டியிருக்கு! தள்ளாதீங்க!" என்று கதறுகிறார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அது கேட்கவில்லை. இருட்டில் நாற்காலிகள் முறியும் ஓசை. குழந்தைகளின் பெயரைச் சொல்லிக் கூவும் குரல்கள். தாய்மார்களே, பெற்ற பிள்ளை மாடி இருட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றிருக்கிறீர்களா? உடம்பெல்லாம் காதாகிவிடும். ஆனால் அந்தக் காதில் எல்லாப் பிள்ளைகளின் அழுகையும் விழும், உங்கள் பிள்ளையின் அழுகை மட்டும் விழாது.

உங்களில் சிலர் திரும்பிப் பின்வாசலைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், அதில் வெட்கம் வேண்டாம். திறந்திருக்கிறதா, தம்பி? நன்றாகத் தள்ளிப் பாருங்கள். திறக்கிறது அல்லவா? நல்லது. தொடர்கிறேன்.

மேடையின் பக்கவாட்டில், வாத்தியங்களை இறக்க ஒரு கதவு உண்டு. அது சந்துக்குள் திறக்கும். கச்சேரி மேலாளர் ஓடி வந்து வெண்கலத்தின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, சைடு கதவு தொறந்துதான் இருக்கு. மொதல்ல நீங்க வெளிய வாங்க!"

"ஓடுற பஸ்ஸுல டிரைவரே குதிச்சிட்டா, உள்ள இருக்கறவங்க என்னய்யா ஆவாங்க? கைய விடு!"

கையை உதறிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து வெண்கலம் கத்தினார்: "இங்க வாங்க! மேடைப் பக்கம் வழி இருக்கு!" யாருக்குக் கேட்டது? ஒருவருக்கும் கேட்கவில்லை! எதிரணித் தலைவரே, உங்கள் குரல்வாதம் எங்கே? ஊரையே மயக்கிய வெண்கலக் குரலை ஒரு நொடியில் விழுங்கிவிட்டது அந்த ஓலம்.

அப்போது அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்தார். கால்களைத் தொங்கப் போட்டார். ஊருக்கெல்லாம் மனப்பாடமான தம்முடைய பாட்டின் மெட்டை எடுத்தார். சொற்களை மட்டும் மாற்றினார்:

"மேடைப் பக்கம் வாசல் உண்டு, மெல்ல மெல்ல வா!
கூட நிற்கும் கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று வா!"

என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, திருப்பிப் பாடு. நிறுத்தாத."

"அண்ணே, என் பொண்ணு மாடியில இருக்கா! நான் போறேன்!"

"தெரியும்மா. நீ போனா நசுங்கிடுவ. பாட்டு அவகிட்ட போய்ச் சேரும். பாடு!"

பாடினேன். வாய் பாடியது, கண் மாடி இருட்டைத் துழாவியது. முன்வரிசையில், நாற்காலிகளுக்கு நடுவே சிக்கியிருந்த ஒரு பெண், பழகிப்போன மெட்டுக்குப் பழகிப்போன வாயால் கூடவே பாடினாள். பாடிய பிறகுதான் பொருள் புரிந்து, மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பக்கத்தில் இருந்தவர் பாடினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் பாடினார்கள். அன்பர்களே, வெண்கலத்தின் குரல் பாதி அரங்கைக்கூடத் தாண்டவில்லை. தாண்டியது மக்களின் குரல்! அவர் வாயிலிருந்து முன்வரிசைக்கு, முன்வரிசையிலிருந்து நடுவரிசைக்கு, நடுவரிசையிலிருந்து நெரிசலில் நசுங்கிக்கொண்டிருந்த கடைசி மனிதரின் காதுக்கு! மெட்டுத் தெரியாத ஒருவர் அங்கே இருந்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். அறுந்துபோகவில்லை!

வெள்ளம் திரும்பியது. டிரம்ஸ் வாசிப்பவரும் கீபோர்டுக்காரரும் ஒவ்வொருவராகக் கைகொடுத்து மேடைக்குத் தூக்கினார்கள். புகை கீழே இறங்கியது. வெண்கலம் இருமினார், இருமிக்கொண்டே பாடினார். சுருதி விலகியது. ஆம் ஐயா, விலகியது. தாளம் தப்பியது. குரல் கீறிக் கீறிக் கிழிந்தது. அதைவிட நல்ல பாட்டை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

பிறகு மாடிப்படியில் இருந்து அதே பாட்டு இறங்கி வந்தது. என் தங்கை வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி, முகமெல்லாம் கரியாக, மூக்கு ஒழுக, பாடிக்கொண்டே வந்தாள் என் மகள். அவளுடைய இன்னொரு கையில், யாரென்றே தெரியாத ஒரு கண்ணாடிக்கார மாமாவின் விரல்.

"அம்மா, நான் ஓடலம்மா. நின்னு நின்னுதான் வந்தேன்."

அவளை அள்ளி எடுத்த கை, இப்போது உங்கள் முன்னால் இந்த மைக்கைப் பிடித்திருக்கும் கை.

என்னம்மா கேட்கிறீர்கள்? எல்லோரும் பிழைத்தார்களா என்றா? இல்லை அம்மா. கை கால் முறிந்தவர்கள் பலர். உயிரோடு வராதவர் ஒருவர். விளக்குப் பொறுப்பாளர். 'வெளிச்சம்' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மெயின் சுவிட்சை அணைக்கத் திரைக்குப் பின்னால் போனார். அணைத்தும்விட்டார். அதனால்தான் எங்களுக்கு அந்த அவகாசம் கிடைத்தது. திரும்பி வர அவருக்கு வழி கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வெண்கலம் மேடை ஏறவில்லை. நெடுநாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"பயமில்லையா! காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சும்மா. நிக்க முடியாமத்தான் உக்காந்தேன். பேப்பர்ல அதையும் வீரம்னு போட்டுட்டாங்க."

சிரித்தோம். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

"மறுபடி எப்போ பாடுவீங்க?"

கையில் இருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தார். "முன்னெல்லாம் சுருதி போயிடுமோ, கைதட்டு வராதோன்னு பயப்படுவேன். இப்ப எதிர்ல உக்காந்திருக்கற முகத்தப் பாத்தாலே பயமா இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் வீட்டுல யாரோ காத்திருப்பாங்களே, தங்கச்சி. அத நெனச்சா பாட்டே வரமாட்டேங்குது."

அந்தப் பயம் போகட்டும் என்று அவர் காத்திருந்தார். போகவில்லை. ஒருநாள், பயத்தைக் கையோடு கூட்டிக்கொண்டே மேடைக்கு வந்தார். முன்பெல்லாம் கண்ணை மூடித் தன் குரலைத் தானே ரசித்துப் பாடுவார். அன்று கண்ணைத் திறந்து பாடினார். வரிசை வரிசையாக, முகம் முகமாகப் பார்த்துப் பாடினார். வெண்கலம் போய்விட்டது, புகை தின்ற கரகரப்புதான் மிச்சம். மேடையோரம் என் பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம் "குரல் எப்படி இருக்கு, அண்ணி?" என்று கேட்டேன்.

"பழைய குரல் இல்ல. ஆனா இவ்வளவு வருஷத்துல இப்பத்தான் எனக்குப் பாடற மாதிரி இருக்கு" என்றார்.

நடுவர் அவர்களே! தன் குரலுக்காக அஞ்சுகிறவர் பாடுவார், பரிசு பெறுவார், பாராட்டும் பெறுவார். எதிரே இருக்கும் உயிருக்காக அஞ்சுகிறவரே பெரிய பாடகர் ஆவார்! அந்த அச்சத்தைக் குரல் கடன் தராது, பயிற்சி கற்றுத் தராது. அதை அவருக்குத் தருகிறவர்கள் நீங்கள். கேட்கிற நீங்கள்! கூடப் பாடுகிற நீங்கள்! ஆகவே மக்கள் பாடகரைப் பெரியவராக்குவது கேட்பவர்களே, கேட்பவர்களே என்று உரக்கச் சொல்லி அமர்கிறேன்.

மணியடிக்காமல் என்னைப் பேசவிட்ட நடுவருக்கும், மூச்சடக்கிக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!