பச்சை புளிக்கும்தான்

ரொட்டியில் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டால், கூட ஒரு குவளை நீலக்காம்பு ஒயின் வேண்டும், ஐயா. பாதச்சோனி மலையில், ஏரியைப் பார்த்த சரிவில்தான் அந்தத் திராட்சை மனம் வைத்து வளரும். இலைக்காம்பு நீலம் பாரித்திருக்கும், அதனால் அந்தப் பெயர். கொஞ்சமாகத்தான் காய்க்கும். ஒயினில் கல்லும் புகையும் மணக்கும். எனக்கு அதன்மேல் உயிர்.

தேநேஷும் அவன் மனைவி எமெஷேயும் பக்கத்துத் தோட்டத்தை வாங்கிக்கொண்டு புதாபெஸ்ட்டிலிருந்து வந்தார்கள். அது என் அப்பாவின் தோட்டம். அந்தக் காலத்தில் அரசாங்கம் கூட்டுப்பண்ணைக்கு எடுத்துக்கொண்டது, பிறகு யார் யார் கைக்கோ போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல பிள்ளைகள். மீன் பொரித்தால் எனக்கும் ஒரு தட்டு வந்துவிடும்.

முதல் குளிர்காலத்தில் தேநேஷ் கேட்டான்.

"அர்பாத் மாமா, நீலக்காம்புக்கு நடுநடுவுல இந்தப் 'பச்சை' ரகக் கொடி எதுக்கு? இதுல ஒயின் நல்லா வருமா?"

"புளிக்கும்டா. வாயில வைக்க முடியாது."

உண்மையைத்தான் சொன்னேன். மலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவன் பச்சை வரிசைகளைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் நீலக்காம்பையே நட்டான். நீலக்காம்பின் பூ பெண் பூ. பக்கத்தில் பச்சை மாதிரி வேறு கொடி பூத்து மகரந்தம் கொடுத்தால்தான் காய் பிடிக்கும். அதை அவன் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஜூனில் அவன் பூவெல்லாம் உதிர்ந்தது. எல்லை ஓரத்தில் மட்டும் நாலு குலை பிடித்தது. என் பச்சைக் கொடிகளின் மகரந்தம் காற்றில் போயிருக்கிறது. அடுத்த ஜூனில் என் பச்சைக் கொடிகளின் பூக்களை ஒன்றுவிடாமல் நறுக்கினேன். என் கொடி, என் கத்தரி.

அதனால் என் நீலக்காம்பும் மலடாக நின்றது. எமெஷேதான் அதை விடாமல் கவனித்தாள்.

"போன வருஷம் உங்க தோட்டத்துல குலை குலையா தொங்குச்சே மாமா. இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

"உங்க பக்கத்து வியாதி தொத்திக்கிச்சும்மா."

அவள் என் பச்சைக் கொடிகளைத் திரும்பிப் பார்த்தாள். தேநேஷ் நம்பினான். சாயங்காலம் வந்து, "என்னால உங்க தோட்டமும் பாழாப் போச்சு, மன்னிச்சிடுங்க மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பரவாயில்லை என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். மூன்றாவது ஜூனிலும் நறுக்கினேன்.

செப்டம்பரில், ஊரே அறுவடைக்குக் கூடை கழுவிக்கொண்டிருந்த வாரத்தில், மூன்று வருடமாக அறுக்க ஒன்றுமில்லாத தேநேஷ் தன் திராட்சை பிழியும் கொட்டகையில் தூக்குப் போட்டுக்கொண்டான். கயிற்றைக் கட்டியது அவன்தான். ஆனால் நீங்கள் கேட்பது புரிகிறது. ஆம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

பகையில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். முன்கூட்டியே திட்டம் போட்டேன் என்றும் எழுதாதீர்கள்.

என் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இருநூறு பச்சைக் கன்றுகளைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தேநேஷ் பிடுங்கிப் போட்ட கொடிகளிலிருந்து அன்றைக்கே குச்சி வெட்டி வேர்விட வைத்தேன். கன்று தேறி வர மூன்று வருடம் ஆகும், ஐயா. அவன் போன பிறகு குச்சி வைத்துக்கொள்ளலாம் என்று சும்மா இருந்திருந்தால், அப்பாவின் தோட்டம் இன்னும் மூன்று வருடம் காய்க்காமல் அல்லவா நிற்கும்.