பூங்காவனம் தடவின எண்ணெ

அப்பல்லாம் செய்யாத்துல வருஷம் பூரா தண்ணி போவுமாம். அந்த ஆத்தோரம் நம்ம தாமரைமேட்டுல இருசப்பன்னு ஒரு கூத்துக்காரரு இருந்தாராம். ராஜா வேஷம் கட்டினார்னா ஊரே வாயப் பொளந்துக்கினு பாக்குமாம். வூட்டுல அந்த ராஜா மொறைப்பெல்லாம் அவுரு பொண்டாட்டி பூங்காவனத்துக்கிட்ட செல்லாது. கூத்து முடிஞ்சி வந்தா, சலங்கை அறுத்த காலுக்கு வெளக்கெண்ணெ தடவிக்கினே திட்டுமாம். அவுரும் கேட்டுக்கினே தூங்கிடுவாராம்.

ஒரு வருஷம் திருவிழாக் கூத்து. விடிஞ்சி வெயிலும் ஏறிடுச்சி. சண்டையில செத்து வுழற ராஜா வுழுந்தாரு. வுழுந்தவரு எழுந்திரிக்கல. மூச்சிருக்குதா இல்லியான்னே தெரியலயாம்.

கூத்து வாத்தியாரு தலையில கை வச்சிட்டாராம். கண்ண மூடினா உசுரு வெளிய சுத்தப் போவும், திரும்பி வந்து மொகத்தப் பாத்துத்தான் உள்ள பூரும், அரிதாரத்தோட கெடந்தா இது யாரோ ராஜான்னு போயிடும், சீக்கிரம் கலைங்கன்னாராம். கலைச்சாங்க. கிரீடத்த எடுத்தாங்க, எண்ணெ வச்சி மொகத்தத் தொடச்சாங்க. அசையல. ஊர்ப் பெரியவங்க, உசுரு போயிடுச்சி, இது வெறும் கூடுன்னு மூங்கில் வெட்ட ஆள் அனுப்பிட்டாங்களாம்.

பூங்காவனம் கூட்டத்த வெலக்கிக்கினு வந்துச்சாம். "வருஷம் பூரா வேற வேற மொகம் போட்டுக்கற மனுசன். அவுரு உசுருக்கு மொகமா அடையாளம்? எண்ணெய இப்டி குடுங்க."

கால எடுத்து மடியில வச்சிக்கிச்சாம். தடவுச்சாம், திட்டுச்சாம். திட்டு நிக்கவே இல்லியாம். "யோவ், ஊரு ஊரா சுத்தினது போதும். கால் ஜில்லுனு கெடக்குது, வந்து சேருய்யா." தடவுச்சாம், திட்டுச்சாம். கட்டவெரல் அசஞ்சிச்சாம்.

"மெதுவாப் புடி, புண்ணு வலிக்குது"ன்னாராம் ராஜா.

அப்பறம் பேரன் பேத்தியெல்லாம் பாத்து, நெசமாவே கெழவனாகித்தான் செத்தாராம். அன்னிக்கும் பூங்காவனம் எண்ணெயோட ஒக்காந்துச்சாம். ஊரு பாடையக் கட்டி வச்சிட்டு காத்துக்கினு நின்னுச்சாம். ஒருத்தரும் அவசரப்படுத்தல. வெயில் சாயறப்போ கைய முந்தானையில தொடச்சிக்கிச்சாம்.

"வழி தெரியாத மனுசன் இல்ல. வரணும்னா வந்திருப்பாரு. தூக்குங்க."

அதான் நம்ம ஊருல, மோளம் அடிச்சாலும் சங்கு ஊதினாலும் ஒருத்தனும் தோள் குடுக்க மாட்டான். காலுக்கு எண்ணெ தடவி முடிச்சி, வூட்டுக்காரி வாயால சொல்லணும். பொண்டாட்டி போனா புருஷன் தடவுவான், அவன் சொல்லணும். எவ்ளோ நேரம் ஆனாலும் ஊரு நிக்கும்.